முன்வண்டிக்காரர்

மனிதர்களில் முன்வண்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நான்கு கூட்டாளிகள் சேர்ந்து நான்கு மோட்டார் சைக்கிள்களில் எங்கேயாவது புறப்பட்டால் போதும், மழைக்குப் பின் காளான் முளைப்பதுபோல் அங்கே ஒருவர் முளைத்துவிடுவார். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. மாலை போடவில்லை. 'நீங்கள்தான் எங்களை அழைத்துப் போகவேண்டும்' என்று காலில் விழவில்லை. ஆனாலும் அவர் வண்டிதான் முன்னால் நிற்கும். என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? முன்னால் நிற்கிறாரே, அதுதான் தகுதி.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஈப்போவில், புந்தோங் பக்கம் இருக்கிறார். பெயர் கோகிலன். வார நாள்களில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கின் மேற்பார்வையாளர். அங்கே பெட்டிகள் அவர் வைக்கச் சொன்ன இடத்தில் இருக்கும், அசையாது, எதிர்க்கேள்வி கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளும் அப்படியே இருந்துவிட்டால் உலகம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அவருடைய எளிய ஆசை.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவுகள் வந்து விழத் தொடங்கும். டயரில் காற்றைப் பாருங்கள் என்று ஒன்று, மழைக்கோட்டை மறக்காதீர்கள் என்று ஒன்று, முந்திய பதிவைக் கேட்டீர்களா என்று ஒன்று, கேட்டவர்கள் கட்டைவிரல் காட்டவும் என்று ஒன்று, கட்டைவிரல் காட்டாதவர்கள் ஏன் காட்டவில்லை என்று இருமலோடு நீளமாக இன்னொன்று. யாராவது கைப்பேசியில் வழிகாட்டியைப் போட்டுக்கொள்ளலாமே என்றால் மனம் புண்பட்டுவிடும்.

"அது எதுக்கு மச்சான்? நான் இருக்கேன்லா!"

இருக்கிறார். அதுதான் சிக்கல். முன்வண்டிக்காரருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வழி தெரிந்த முகம் இருந்தால் போதும். கோகிலனுக்கு அந்த முகம் பிறவியிலேயே வாய்த்திருந்தது. ஒருமுறை தாப்பாவுக்குப் போகும் வழி தவறி ஒரு கோழிப் பண்ணைக்குள் எல்லாரையும் கொண்டுபோய் நிறுத்தியபோதுகூட, பண்ணைக்காரரே அவரை அதிகாரி என்று நினைத்து சலாம் வைத்தார்.

திரும்பிப் பார்ப்பது முன்வண்டிக்காரரின் பழக்கத்தில் கிடையாது. அவருடைய மோட்டாரில் கண்ணாடிகள் இரண்டு உண்டு. ஒன்றில் அவருடைய தோள் தெரியும், மற்றொன்றில் வானம் தெரியும். பின்னால் வருகிறவர்கள் வருவார்கள். வராமல் எங்கே போய்விடுவார்கள்?

அவருக்குப் பின்னால் தவறாமல் வருகிறவர், ஒரே இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் வேறு வழியில்லாமல் வருகிறவர், அவர் மனைவி கலாதேவி. ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கடலோரப் பயணம், கடலோரப் பயணம் என்று இத்தனை ஆண்டுகளாகப் போயும் கலாதேவி இன்னும் கடலைப் பார்க்கவில்லை. புறப்படும் முன் பேச்சு, பேச்சு முடிந்து பசியாறல், பசியாறி முடித்துப் படம், படம் எடுத்து முடிக்கையில் மழை, மழை விட்டதும் 'நாளைக்கு வேலை இருக்குலா' என்று திரும்புதல். ஒருமுறை சித்தியவான்வரை போய்விட்டார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. "அந்தப் பக்கம்தான் கடல். சத்தம் கேக்குதா பாரு" என்றார் கோகிலன். கலாதேவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பக்கத்துக் கடையின் குளிர்சாதனப் பெட்டிதான் இரைந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை புறப்படுவதற்கு முன்பு அவள் ஒரு வார்த்தை சொன்னாள். கத்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, நாளைக்கு வெளிச்சத்துல எனக்குக் கடலைக் காட்டுங்க. இல்லாட்டி இனிமே இந்த மோட்டார்ல நான் ஏற மாட்டேன்."

கலாதேவி கத்தினால் கோகிலனுக்குப் பயமில்லை, மாலைக்குள் சரியாகிவிடும். கத்தாமல் சொன்னால் அது கல்லில் எழுதியதுதான். இப்படித்தான் ஒருநாள் 'இனி உங்க அக்கா வீட்டுக்கு வரமாட்டேன்' என்று மெதுவாகச் சொன்னாள். அக்காவின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அவளைப் படத்தில்தான் பார்க்கிறார்கள். சொந்த மனைவியே பின்னால் ஏறாத தலைவருக்குப் பின்னால் வேறு எவர் வருவார்? அன்று இரவு தலைவர் புரண்டு புரண்டு படுத்தார்.

ஞாயிறு காலை ஷாஃபியின் சாப்பாட்டுக் கடை வாசலில் எல்லாரும் கூடினார்கள். எல்லாரும் என்றால் மூன்று பேர். ஷாஃபி கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, லூமுட்டில் மீன் சாப்பிடலாம் என்ற ஒரே நோக்கத்தோடு வருகிறவர். யுகேந்திரன் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர். சீனி கேள்வி கேட்கிறவர், அதனால்தான் கடைசி வண்டியாகப் போடப்பட்டவர். வழி இதுதான்: புருவாஸ், பந்தாய் ரெமிஸ், அங்கிருந்து செகாரி, தெலுக் செனாங்கினில் கடல், கடைசியாக லூமுட்.

தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கோகிலன் கை சிக்னல்களை விளக்கிக்கொண்டிருந்தார். இடது கையை மேலே தூக்கினால் மெதுவாகப் போகவேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் சாலையில் பள்ளம். பிறகு அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புக்கு வந்தார்.

"நல்லாப் பாருங்க. ஹெல்மெட்டைத் தொட்டு, அப்புறம் நெஞ்சைத் தொட்டா, அடுத்து வார சிம்பாங்ல, அதான் ரோடு பிரியிற எடத்துல, லெப்ட் எடுக்கணும். நான் எங்க இருக்கேன்னு பாக்காதீங்க. சிக்னலைப் பாத்தா உடனே திரும்பிடணும்."

"அண்ணே, அதுக்குத்தான் மோட்டார்ல லைட்டு இருக்கே?" என்றார் சீனி.

"லைட்டு எல்லாரும்தான் போடுவான். கான்வாய்னா கைதான் சீனி."

"நீங்க நேராப் போயி நாங்க மட்டும் திரும்பிட்டா?"

"தலைவன் ஏன்டா நேராப் போறான்? சொன்னதைச் செய்யுங்கலா!"

யுகேந்திரன் ஹெல்மெட்டையும் நெஞ்சையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கலாதேவி மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு ஆச்சரியமாக மழை பெய்யவில்லை. பந்தாய் ரெமிஸ் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. கோகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் மூன்று மோட்டார்களின் ஓசை, முன்னால் வெறும் சாலை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஓட்டுநர் உரிமத்தில் தன் படத்துக்குக் கீழே 'தலைவர்' என்று அச்சிட்டிருக்கலாமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் சாலையோரத்தில் முனியாண்டி கோயில் வந்தது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை நிற்கிற தோட்டத்தின் முகப்பில், மரத்தடியில், மஞ்சள் துணி கட்டிய சிறிய கோயில். அதைக் கும்பிடாமல் எந்தத் தமிழன் மோட்டாரில் கடந்து போவான்? சிலர் ஹாரன் அடிப்பார்கள். கோகிலன் அப்பா காலத்துப் பழக்கப்படி, நெற்றியைத் தொட்டு நெஞ்சைத் தொடுவார். கை தானாகவே எழுந்தது. நெற்றி ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் ஹெல்மெட்டைத் தொட்டது. பிறகு நெஞ்சைத் தொட்டது.

'முனியாண்டி, இன்னைக்காவது கலாவுக்குக் கடலைக் காட்டிடு' என்று மனமுருக வேண்டிக்கொண்டு அவர் நேராகப் போனார்.

கோயிலை அடுத்து இடது பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலை பிரிந்தது. யுகேந்திரன் அதில் திரும்பினார். எள் என்றால் எண்ணெய் அல்லவா? அவருக்குப் பின்னால் ஷாஃபி திரும்பினார். சீனிக்குக் கேள்வி இருந்தது. ஆனால் கடைசி வண்டியிலிருந்து யாரிடம் கேட்பது? அவரும் திரும்பினார். தலைவர் மட்டும் கட்டளையிட்ட கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போனார். இடையில் இரண்டு பள்ளங்களுக்குக் கையை ஆட்டினார். ஒரு மாட்டுக்காக மெதுவாகப் போகச் சொன்னார். மாடு மட்டும்தான் பார்த்தது.

தெலுக் செனாங்கின் கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலைவருக்குரிய நிதானத்தோடு திரும்பினார்.

சாலை நீளமாகக் கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை.

"எங்க இவனுங்க?"

"காணோம்" என்றாள் கலாதேவி.

"எப்பலேருந்து?"

"முனியாண்டி கோயில்லேருந்து. எல்லாரும் தோட்டத்துக்குள்ள திரும்பிட்டாங்க."

கோகிலன் தன் கையைப் பார்த்தார். கை ஹெல்மெட்டுக்குப் போன வழியும் அங்கிருந்து நெஞ்சுக்குப் போன வழியும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. குரங்கு கையில் பூமாலை கொடுத்தாற்போல் ஒரு கும்பலைத் தன் கையில் கொடுத்துவிட்டார்களே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கே தோன்றியது.

"பாத்தியா? பாத்துட்டு சும்மாவா உக்காந்து வந்தே? சொல்லக் கூடாதா?"

"சொன்னா திரும்பியிருப்பீங்க."

திரும்பியிருப்பார்தான். இப்போதும் திரும்பத்தான் கை துடித்தது. தோட்டத்துக்குள் வழி தெரியாமல் மூன்று பேர்; வாலில்லாத தலையாக இங்கே அவர். மோட்டாரை உசுப்பினார். "ஏறு கலா, போய்க் கூட்டிட்டு வந்துரலாம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து கடலைப் பாக்கலாம்."

கலாதேவி ஏறவில்லை. தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நீங்க போங்க. நான் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மணலை நோக்கி நடந்தாள். மறுபடியும் கத்தவில்லை.

இந்தப் பக்கம் கூட்டாளிகள், அந்தப் பக்கம் மனைவி, நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின். இன்றைக்கு அவளைத் தனியாகக் கடலைப் பார்க்க விட்டுவிட்டால், இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் பின்னால் இருக்கமாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஹெல்மெட்டோடு ஒரு முதுகு சவுக்கு மரங்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அவள் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் அவளுடைய முதுகைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மணலில் கால் வைத்தபோது கைப்பேசி அடித்தது. யுகேந்திரன். அழுகிறாரா, வழி கேட்கிறாரா என்று பதறி எடுத்தால், பின்னணியில் நாதஸ்வரம்.

"அண்ணே! எப்படிண்ணே உங்களுக்குத் தெரியும்?"

"என்னது?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாண்ணே! அன்னதானம் போடுறாங்க. பாயசம் ரெண்டு வகை. ஷாஃபியண்ணன் சாப்பிட்டு முடிச்சு, இங்க ஆள் பத்தலைன்னு இப்ப அவரே சாம்பார் ஊத்துறாரு. சீனி கேள்வியே கேக்கலைண்ணே, வாய் நெறைய சோறு. சிக்னல் போட்டு உள்ள அனுப்பிட்டு நீங்க மட்டும் நேராப் போனப்பவே நெனச்சேன், தலைவரு ஏதோ பிளான்லதான் இருக்காருன்னு!"

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்திருந்தது. ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன சொல்வான்? 'தப்பு நடந்துவிட்டது தம்பி, நான் சாமிதான் கும்பிட்டேன்' என்பான். முன்வண்டிக்காரர் என்ன சொல்வார்?

"தெரியும்லா" என்றார் கோகிலன். குரல் தானாகவே கனத்துவிட்டது. "அதான் உங்களை உள்ள அனுப்புனேன். நல்லாச் சாப்பிட்டு, சாந்தாயா, அவசரப்படாம வாங்க. அண்ணிக்குக் கொஞ்சம் கடலைக் காட்டணும்னுதான் நான் முன்னால வந்துட்டேன். எனக்கு ரெண்டு வகைப் பாயசமும் தாப்பாவ் பண்ணி, கட்டி எடுத்துக்க."

கைப்பேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கலாதேவி கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. கோபப்படுவாள் என்று அவர் கழுத்தைச் சுருக்கினார். அவளோ சிரித்தாள், சிரித்துச் சிரித்து, கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

"பொய் சொல்லி முடிச்சாச்சா? சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க. தண்ணி நல்லாருக்கு."

கோகிலன் சப்பாத்தைக் கழற்றினார். கடல் பெரிதாக, பழுப்பும் நீலமுமாக, யாருடைய சிக்னலுக்கும் காத்திராமல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் அழகாக இருந்தது அவருக்கு. மூன்றாவது நிமிடம் வாய் அரித்தது.

"கலா, அந்தப் பக்கம் பாறை இருக்கும். லெப்ட்ல போ."

கலாதேவி வலது பக்கம் நடந்தாள். கோகிலன் கொஞ்ச நேரம் இடது பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். அங்கே பாறையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வலது பக்கம் போனார்.

சரி, இனி உங்களிடம் ஒரு வார்த்தை. நமக்கென்ன, நம்மிடம் மோட்டாரே இல்லையே என்று சாய்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த இனத்துக்கு மோட்டார் அவசியமில்லை. கல்யாண வீட்டில் 'சாப்பாடு இந்தப் பக்கம், வாங்க வாங்க' என்று உறவுக்காரர்களை அழைத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் நிறுத்தியதுண்டா? பேரங்காடியில் குடும்பத்துக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டே, பக்கத்தில் இருப்பதாக நினைத்து வேறு யாரோ ஒரு சீனத்து அம்மாளிடம் 'இந்த மீன் வாங்கலாமா?' என்று கேட்டதுண்டா? தற்செயலாக நல்லதாக முடிந்துபோன ஒரு காரியத்துக்கு 'நான் அப்பவே நெனச்சேன்' என்று சொன்னதுண்டா? இல்லவே இல்லை என்கிறீர்கள். நல்லது. படிக்கும்போதே உங்கள் கூட்டாளி ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பவேண்டும் என்று விரலும் துடிக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். அவரும் இதை இப்போதுதான் படித்து முடித்து, உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.