சைரனை நிறுத்தச் சொன்னது யார் என்பது பற்றி

பள்ளிவாசல்துறை,
04.11.2013

அன்புள்ள மருமகன் அனுசன் அறிவது,

இங்கு நான் சுகம். நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மனநோய் வைத்தியருக்கு மூளையைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனாலும் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு ஒழுங்கில்லாமல் எழுத வராது. ஆகவே விடயங்களை முதலில் இலக்கமிட்டுத் தருகிறேன். நேரமில்லாவிட்டால் நான்காவதை மட்டும் வாசியும்.

1. எங்கள் ஐஸ் கொம்பனிக்குச் சைரன் வந்தது.
2. தங்கரத்தினத்தின் பயத்தினால் அது நிறுத்தப்பட்டது.
3. நஜாத்தின் விரல்கள்.
4. உம்மிடம் கேட்பது.

ஓய்வுபெற்ற பிறகு நான் இங்கே பாதுகாப்பு உத்தியோகத்தராக இருப்பது உமக்குத் தெரியும். கையெழுத்து அழகாக இருக்கிறதென்றுதான் எடுத்தார்கள், தைரியத்துக்காக அல்ல. ஐஸ் கட்டிகளை உடைக்கிற மெசின் வெளியே, வள்ளங்கள் வந்து நிற்கிற பக்கம் இருக்கிறது. அதன் சுவிச் உள்ளே. உள்ளே நிற்பவனுக்கு வெளியே நிற்பவனைத் தெரியாது. பழகிப்போன ஆபத்தை மனித மூளை ஆபத்தாகக் கணக்கெடுக்காது, அதைத் தட்டியெழுப்ப ஒரு சத்தம் வேண்டும் என்று கருத்தரங்கு ஒன்றில் தந்த புத்தகத்தில் இருந்தது. ஆகவே மெசின் ஓடுவதற்கு முன் பத்துச் செக்கன் சைரன் ஊதவேண்டும் என்று மூன்று தரம் எழுதிக் கேட்டேன். போன நோன்பு மாதத்தில் கொண்டுவந்து பூட்டினார்கள். பரீட்சித்துப் பார்க்க நான் தெரிந்தெடுத்த நேரம், எல்லாரும் ஓய்வாயிருப்பார்கள் என்ற நல்லெண்ணத்தில், மாலை ஆறு இருபது. இந்தப் பக்கம் நோன்பு திறக்கிற நேரத்தைப் பள்ளிவாசல் சைரன் ஊதித்தான் அறிவிக்கும் என்பது பதினெட்டு வருடம் இங்கே இருந்தும் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பதினொரு பேர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள். சுவிச்சுக்குப் பொறுப்பான ரஸாக் நானா பாதி மென்றபடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், பாங்குக்கு இன்னும் பத்து நிமிசம் ஈக்கே. என்னத்துக்கு ஊதின?"

"பாதுகாப்புக்கு," என்றேன்.

"பதினொரு பேர்ட நோம்ப முறிச்சிட்டுப் பாதுகாப்பாம்!"

அந்த ஒரு நோன்பை அவர்கள் பிறகு திரும்ப நோற்க வேண்டி வந்தது. சைரன் ஊதிய அதே நேரத்தில், நிலம் கழுவிக்கொண்டிருந்த தங்கரத்தினம் ஈரச் சீமெந்தில் குப்புறப் படுத்திருந்தாள். எங்களைப்போல வன்னியிலிருந்து வந்தவள். சைரன் தாழத் தொடங்கி ஏறுவது, குண்டு போடப் பதிகிற கிபிர் விமானம் மாதிரியே இருக்கும். ஒரே சத்தத்துக்குப் பதினொரு மூளைகள் பேரீச்சம்பழத்தை எடுத்தன, ஒரு மூளை நிலத்தில் படுத்தது, மெசினைப் பற்றி ஒரு மூளையும் நினைக்கவில்லை. நான் அவளைத் தூக்கக் குனிந்தேன். எழும்ப நேரமெடுத்தது, என் முழங்கால் உமக்குத் தெரியும்.

அடுத்த நாள் தொடக்கம் ஒரு நாளைக்கு இருபது தரம் ஊதியது. மூன்று கிழமை பார்த்தேன். பிறகு, "பெண் ஊழியர் ஒருவரின் மனநலன் கருதி" சைரனை நிறுத்தும்படி சிபாரிசு எழுதிக் கொடுத்தேன். போட மூன்று கடிதம் கேட்ட முகாமையாளர் கழற்ற ஒன்றோடு திருப்திப்பட்டார். அதற்குப் பதில், சுவிச்சைப் போடமுன் ரஸாக் நானா "ஓடுது!" என்று கத்துவதென்று முடிவாயிற்று.

போன மாதம் பதினான்காம் திகதி இரண்டு வள்ளங்கள் இஞ்சினை நிறுத்தாமல் நின்றன. மெசினுக்குள் ஒரு கட்டி சிக்கிவிட்டது. வெளியே மெசினில் வேலை செய்யும் நஜாத் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தான். ரஸாக் நானா கத்தினார். கத்தினது சத்தியம், எனக்கே கேட்டது, வெளியே நின்றவனுக்குத்தான் கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல். நான் அவற்றைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவனோடு திறீவீலரில் போனேன். வழி முழுக்க, "சேர், உம்மாக்கிட்ட சொல்ல வாணாம், உம்மாக்கிட்ட சொல்ல வாணாம்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான். டொக்டர் கைலேஞ்சியை விரித்துப் பார்த்தார்.

"இதை ஐஸிலே வைத்துக் கொண்டுவந்திருந்தால் பொருத்திப் பார்த்திருக்கலாம். எங்கே வேலை செய்கிறீர்கள்?"

நஜாத்தான் சொன்னான். டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. ஐந்து தொன் ஐஸுக்கு நடுவிலிருந்து போன எங்கள் ஒருவருக்கும் ஐஸ் ஞாபகம் வரவில்லை, மருமகன். இதற்குப் புத்தகத்தில் விளக்கம் தேடினேன், இல்லை. அவனுக்கு ஆறு மாதப் பெண் குழந்தை. அதன் சட்டைப் பொத்தானைப் பூட்ட இப்போது இடது கையைப் பழக்குகிறான்.

இனி நான்காவது. சைரன் ஏன் நின்றது என்று விசாரணையில் கேட்டபோது முகாமையாளர் என் சிபாரிசைத் தூக்கிக் காட்டினார். தங்கரத்தினத்தைக் கூப்பிட்டு, "உனக்குப் பயம் என்றுதானே நிறுத்தினது?" என்று கேட்டார்கள். "ஓம் ஐயா" என்றாள். புதன்கிழமை கடைசி விசாரணை. அதோடு அவளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். புருசனைச் சண்டையில் இழந்தவள். மகள் மதுசாவுக்கு அடுத்த மாதம் சாதாரண தரப் பரீட்சை. ஒரு சத்தத்துக்கு மூளை பயப்படுவது குற்றமல்ல என்று, உம்முடைய முத்திரையோடு நாலு வரி எழுதி அனுப்பும். அதுபோதும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லும். மலைக் குளிருக்குப் பிள்ளைகளின் காதை மூடி வைக்கச் சொல்லும். உங்கள் வீட்டுக் கதவைத் துன்பம் ஒருநாளும் தட்டாதிருக்கட்டும்.

இங்ஙனம்,
மாமா
க. யோகராசா

பி.கு: உமது கடிதத்தில் போடுவதற்கு அவளுடைய முழுப்பெயரும் வயதும் கேட்கப் போனேன். விசயத்தைச் சொன்னதும் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேர், நான் படுத்தது அந்த ஒருநாள்தான். பிறகு அது ஊதினால் மெசின் ஓடப்போகுதெண்டு வாளியைத் தள்ளி வைப்பன். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீர்?"

"சேர் எழுதிக் குடுத்ததைப் பொய்யெண்டு நான் சொல்லுறதே? எனக்கு றால் பண்ணையிலையும் வேலை கிடைக்கும். உங்களை இந்த வயசிலை ஆர் எடுப்பினம்?" பிறகு சிரித்தாள். "அது ஊதுற நேரமெல்லாம் மேசைக்குக் கீழை பேனை தேடினது ஆர்? ஒரு நாளைக்கு இருபது தரம் ஒரு மனுசனுக்குப் பேனை விழுமே, சேர்?"

எழுதும்போது அது உண்மை என்றே நம்பினேன், மருமகன். ஒரு மூளை தன் பயத்தை இன்னொருவர் பெயரில் எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போடும் என்று உம்முடைய படிப்பில் இருக்கும். எனக்கு விளக்க வேண்டாம். முத்திரைக் கடிதமும் வேண்டாம். புதன்கிழமை எழும்பிச் சொல்ல எனக்கு நா வராது என்பதால், இந்தப் பின்குறிப்பில் இதுவரை எழுதியதைப் பிரதி செய்து இன்றே முகாமையாளரின் கையில் கொடுத்துவிட்டேன். நஜாத்தின் வீட்டுக்கும் போகவேண்டும், இன்னும் போகவில்லை.

மேலே இலக்கமிட்டு எழுதியதில் இரண்டாவது பிழை. சைரனுக்குப் பயந்தது நான்.