முந்தாநாள் காற்று

திறக்காத வலைத்தளத்தால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்துவிடாது. ‘திறக்க முடியவில்லை’ என்று அது உண்மையைத்தான் சொல்கிறது. எப்படியாவது திறக்க வைத்தே தீருவேன் என்று ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்தவன் நான்.

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன்தான், ஆனால் போட்டில் ஏறினால் வாந்தி வரும் (ஏறக்கூட வேண்டாம், கட்டிக் கிடக்கிற போட்டைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும்). அந்த லட்சணத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண் ஜெனிட்டா, விசைப்படகுக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் சேவியர் அண்ணாச்சியின் மகள். பெண் பார்த்தாகிவிட்டது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் “யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி” என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

அந்த யோசனையைத் துரிதப்படுத்தத்தான் சங்க அலுவலகத்துக்கு இலவசமாக ஒரு ப்ராக்ஸி சர்வர் போட்டுக் கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. டீக்கடையில் ஒருவர் வாங்கிய பேப்பரைக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் படிப்பார்களே, அதுதான். யாராவது ஒருவர் திறந்த பக்கத்தை அது பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் காட்டும். இணையம் வேகமாகிவிட்டது என்று சங்கத்தில் எனக்கு நல்ல பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, காத்து பாக்குத பக்கம் தொறக்க மாட்டேங்கு. மத்ததெல்லாம் வருது.” தினமும் மாலையில் அந்த வானிலைப் பக்கத்தைப் பார்த்து, மறுநாள் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று சங்கத்து மைக்கில் அறிவிப்பார்கள். அது இல்லாமல் ஒரு போட்டும் நகராது.

பறந்தேன். ப்ராக்ஸியை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும் என்று ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றி நின்று பத்துப் பதினைந்து பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் வருங்கால மாமனார். வியர்த்துப் போய், ‘தளம் கிடைக்காவிட்டால் கைவசம் உள்ள பிரதியைக் கொடு’ என்று ஓர் அமைப்பை மாற்றினேன். பக்கம் பளிச்சென்று வந்தது.

‘பலத்த காற்று. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’

கைதட்டினார்கள். அண்ணாச்சி பூரித்துப்போய், “இன்னைக்குத் தம்பியே மைக்ல சொல்லட்டும்” என்றார். துறைமுகம் முழுக்க என் குரல் ஒலித்தது. (தேவையில்லாமல் இரண்டு முறை வாசித்தேன்.)

புதன்கிழமை ஒரு போட்டும் போகவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது.

“கச்சான் காத்து அடிக்கும்னாம்லா? ஒரு கொடி கூட அசையலியே” என்று ஒருவர் கேட்டார்.

“கம்ப்யூட்டர் சொல்லுதுல்லா! நமக்குத் தெரிஞ்சதவிட அதுக்குத் தெரியும்” என்று அண்ணாச்சி அவரை அடக்கினார்.

இன்னொருவர் சந்தேகப்பட்டுத் தன் செல்போனில் திறந்து பார்த்தார். அதிலும் அதே எச்சரிக்கை. அவர் செல்போன் சங்கத்து வைஃபையில் இருந்தது, வைஃபை என் ப்ராக்ஸி வழியாகப் போனது. “பாத்தீங்களா?” என்று நான்தான் வெற்றிச் சிரிப்பு சிரித்தேன். அன்று மாலையும் அதே பக்கம், மைக்கில் அதே என் குரல்.

வியாழக்கிழமை மதியம் புது எண்ணிலிருந்து அழைப்பு. ஜெனிட்டா! முதல் முதலாகப் பேசுகிறாள். குரலைக் கனைத்துச் சரிசெய்துகொண்டேன்.

“ஒங்க பக்கத்துல என்ன தேதி போட்டிருக்கு?”

“எந்தப் பக்கத்துல?”

“காத்துப் பக்கத்துலதான். வீட்ல என் போன்ல பாக்கேன், எச்சரிக்கையே கெடையாது. பக்கத்துல வேம்பார்ல வள்ளமெல்லாம் கடலுக்குப் போய்க் கணவாய் மீனா அள்ளிட்டு வந்திருக்காம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களே போய்ச் சொல்லிருங்க.”

அலுவலகத்துக்கு ஓடினேன். பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் திங்கட்கிழமைத் தேதி. வானிலைத் தளம் புது முகவரிக்கு மாறியிருந்தது. என் ப்ராக்ஸி பழைய முகவரியிலேயே போய்த் தட்டிவிட்டு, திறக்காததால் திங்கட்கிழமைப் பிரதியைக் காட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கென்று சொன்ன முந்தாநாள் காற்றுக்குப் பயந்து ஒரு துறைமுகமே வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் பாய்ந்தார்கள். “ரெண்டு நாள் பொழப்புலே!” அண்ணாச்சி கை காட்டி அவர்களை நிறுத்தினார்.

“ஏலே,” என்றார். அதுவரை தம்பியாக இருந்தவன் நான். “பொழப்பு போனா போவுது. காத்து அடிக்கப்போ இல்லன்னு உம் பெட்டி சொல்லியிருந்தா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. ‘போகலாம்’ என்று வந்திருந்தால் அதையும் மைக்கில் இரண்டு முறை வாசித்திருப்பேன். கல்யாணம் போனால் போகிறது என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தேன்.

“நாளைக்கு எங்கூட போட்டுல வா” என்றார்.

போனேன். விடியலுக்கு முன் ஆரம்பித்த வாந்தி கரை சேரும்வரை ஓயவில்லை. நடுக்கடலில் அண்ணாச்சி என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் வீட்டில் சொன்னாராம்: “நாம போன் போட்டுக் கேக்கதுக்கு முன்னாடி அவனே வந்து சொன்னான். கடலுக்குப் பயப்படவும் செய்யுதான். மாப்பிள்ளைக்கு இது போதும்.” நான் போய்ச் சொன்னதற்குக் காரணமானவள் அடுப்படியில் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை மாமாவுக்குத் தெரியாது.

கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன் தேதி சரிதானா என்று மாமா ஊரில் எல்லோரிடமும் காட்டினார், என்னிடம் தவிர.

இப்போது வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், பால் கெடவில்லை என்று சொன்னால்கூட, என் மகள் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்தத் தேதிப்படி அப்பா?” இதை எழுதி முடித்து ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். படித்தாள், சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அடியில தேதி போடலியே?”