சம்பந்தியார் வீட்டில் விட்டுவந்த குடையும் வேதாகமமும்

குருநகர்,
புதன்கிழமை பின்னேரம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியார், உடுவில் நேசரத்தினம் மாஸ்டர் அவர்கட்கு,

ஆண்டவருடைய இரக்கத்தாலும், நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால் தேவமாதாவின் பாதுகாவலாலும், நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் மருமகன் றெஜியும் உங்கள் வெள்ளைப் பசுவும் அவ்வாறே சுகமாயிருக்க மன்றாடுகிறேன். பசுவைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை நான் கோபத்தில் எழும்பி வந்தபோது உங்கள் படலையைச் சாத்தவில்லை என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் நினைவு வந்தது.

என் கறுப்புக் குடையையும் என் வேதாகமத்தையும் உங்கள் விறாந்தையிலேயே விட்டுவிட்டேன். றெஜியிடம் கொடுத்துவிட்டால் உபகாரமாக இருக்கும். அதோடு, கலியாணப் பூசையில் தோபித்து ஆகமம் வாசிக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியை இத்தால் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு விருப்பமான எதையும் வாசிக்கட்டும். பிள்ளைகளுடைய கலியாணம் நடந்தால் போதும்.

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்பதை அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, சண்டைதான் வந்தது. இப்போது சொல்கிறேன். முந்தின வருடம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கடல் எது வானம் எது என்று தெரியாமல் போயிற்று. எத்தனையோ வருடம் வலை இழுத்தவன், பாரைக்கும் விளைமீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் சட்டிக்குள்ளே கையை விட்டுத் தடவினேன். அப்போது என் மகள் ஜெசிதா மத்தியானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்ததுதான் அந்தப் புத்தகம். கண் தெரியாத ஒரு தகப்பன், தூர வழி போகிற மகன், பின்னாலே ஒரு நாய், ஆற்றிலே காலைக் கவ்வ வந்த ஒரு பெரிய மீன். அந்த மீனின் பித்தைப் பூசித்தான் தகப்பனுக்குக் கண் வருகிறது. கண் வந்தவுடன் அந்த மனிசன் எழும்பி, புது மருமகளை எதிர்கொள்ள ஊர் வாசல் வரைக்கும் நடந்து போகிறார். வேதத்தில் எத்தனையோ மீன் வருகிறது மாஸ்டர், ஆனால் ஒரு அப்பனுக்குக் கண் கொடுத்த மீன் இது ஒன்றுதான். ஒப்பரேசன் முடிந்து கட்டை அவிழ்த்தபோது நான் முதலில் கண்டது, மடியில் அந்தப் புத்தகத்தோடு இருந்த என் பிள்ளையைத்தான். நான் அழுதேன்.

அப்படிப்பட்ட புத்தகத்தை நீங்கள், “கிறகோரியார், உப்பிடி ஒரு புத்தகம் வேதாகமத்திலை இல்லை” என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பையில் இருந்து என்னுடையதை எடுத்துத் தந்தேன். நீங்கள் அதை விரித்து மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு போய், “உதிலையும் காணேல்லையே” என்றீர்கள். உங்கள் விரல் பொருளடக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்துச் சாக்கடல் வரைபடத்தின் நடுவில் நின்றது. நக்கல் அடிக்கிறீர்கள் என்று எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. “எங்கடை கத்தோலிக்க வேதத்திலை இருக்கிற ஏழு புத்தகத்தை உங்கடை புரட்டஸ்தாந்து ஆக்கள் களவெடுத்துப் போட்டினம்” என்று சொன்னேன். “நீங்கள்தான் ஏழைச் செருகினனீங்கள்” என்றீர்கள். உங்களைப் படித்த மாடு என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். பயத்தம் பணியாரத் தட்டோடு நடுவில் நின்ற றெஜிப் பிள்ளைதான் பாவம்.

வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய சண்டை. “ரெண்டு அப்பாமாரும் ஆளையாள் கட்டுங்கோ, எனக்குக் கலியாணம் வேண்டாம். வாற ஞாயிறு கோயிலிலை கலியாண அறிவித்தல் ரெண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் எண்டு சாமியிட்டைச் சொல்லப்போறன்” என்று ஜெசிதா கதவைச் சாத்தினாள். என் மனைவி சின்னத்தங்கம் சோற்றைப் போட்டாள், ஆனால் குழம்பு விடவில்லை.

எனக்குச் சாட்சி தேடிப் பங்குச் சாமியாரிடம் போனேன். “சாமி, எந்தெந்தப் புத்தகம் வேதம் எண்டு வானத்திலையிருந்து ஒரு பட்டியல் வந்ததுதானே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “இல்லைக் கிறகோரி. கனகாலம் பட்டியலே இல்லை. ஒரு ஊருக்கு வந்த கடிதத்தைப் பக்கத்து ஊர் கேட்டு வாங்கிப் பாத்தெழுதிச்சுது. சனம் கூடின இடத்திலை திரும்பத் திரும்ப வாசிச்சது நிண்டுது. பட்டியல் எல்லாம் பிறகு வந்தது” என்றார். இன்னும் பலதும் சொன்னார். அதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு வந்து, கூழைக் குடித்துவிட்டுச் சாய்மனைக்கதிரையில் சாய்ந்தேன். வெயில் வலைக்கண்ணுக்குள்ளால் நெஞ்சிலே விழுந்தது. பிறகு நடந்தது கனவோ என்னவோ, கேளுங்கள்.

எங்கள் கரைக்கு வள்ளங்கள் வருகின்றன, சத்தமே இல்லை, தண்ணீரைத் தொடாமல் வருவது போல. பறிகளுக்குள் மீன் இல்லை, சுருள் சுருளாகப் புத்தகங்கள், ஈரம் சொட்டச் சொட்ட. நீளத்தாடித் திருச்சபை ஆயர்மார் ஏலத்துக்கு வந்து நிற்கிறார்கள். ஒரு கரையார் விரும்பி எடுத்ததை அடுத்த கரையார் தொடவில்லை. ஒரு பறிக்குள்ளே நெருப்பும் குதிரையுமாக, உலக முடிவைச் சொல்கிற புத்தகம் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது, கிழக்குக் கரையார் அதற்குக் கிட்டப் போகவே பயந்தார்கள். இவர்கள் விலை பேசி முடிக்க முன்னமே கரைப் பெண்கள் வந்து, வேண்டியதைக் கடகத்தில் அள்ளிப் போய்ச் சமைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஆயர்மார் வீட்டு வீடாகப் போய், எந்தச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று மணந்து பார்த்துத்தான் பட்டியலில் பெயர் எழுதினார்கள்.

கரையோரம் ஒரு கிழவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். தான் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி யாருக்கோ எழுதிய கடிதத்தைக் காட்டினார். “ஐயா, இதையும் வேதத்திலை சேர்த்துப் போட்டினமே” என்றேன். “நான் வேதம் எண்டு எழுதேல்லைத் தம்பி, குளிருது எண்டு எழுதினன்” என்றார். எனக்கு என் குடை நினைவு வந்தது.

தள்ளி ஒரு குவியலில் எங்கள் ஏழு புத்தகங்களும் கிடந்தன. இரண்டு பெரியவர்கள் அதற்கு மேலே நின்று சண்டை. “எபிரேயர் வைத்திருக்கவில்லை, புறம்பாக வை” என்றார் ஒருவர். “சனம் வாசித்துப் பழகிவிட்டது, உள்ளே வை” என்றார் மற்றவர். உற்றுப் பார்த்தால் ஒருவர் நீங்கள், மற்றவர் நான். நடுவிலே ஜெசிதா மீன் வெட்டுகிற பலகையில் இருந்து, இரண்டு பேரையும் பார்க்காமல் அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் மட்டும் கடல் முழுக்கக் கேட்டது.

எழும்பினபோது குரல் இல்லை. வீடு அவ்வளவு அமைதி. அவள் என்னோடு கதைக்காத வீட்டில் எந்தப் புத்தகத்தை வைத்து நான் என்ன செய்ய? அதனால்தான் விடுகிறேன் மாஸ்டர். களவு என்ற சொல்லையும் திருப்பி எடுக்கிறேன்: உங்கள் ஆட்கள் முதலில் அந்த ஏழையும் எறியாமல் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவிலே தனியாக வைத்திருந்தார்களாம், பிறகு அச்சடித்தவர்கள்தான் விட்டுவிட்டார்களாம். சாமியார் சொன்னார்.

உங்கள் வீட்டு வாசலுக்கும் கிணற்றுக்கும் பசுவுக்கும் ஆண்டவர் நிறைவைத் தரட்டும். உங்கள் முழங்கால் நோவு என் கோபத்தோடு சேர்ந்து போகட்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கிறகோரி

பி.கு: கடித உறையை ஒட்ட முன்னமே நீங்கள் வந்துவிட்டீர்கள். என் குடையை ஊன்றிக்கொண்டு, வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தனியாக. வந்து, முற்றத்தில் காயப் போட்டிருந்த என் சேர்ட்டைப் பார்த்து, “கிறகோரியார், சுகமோ?” என்று கேட்டீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின வருடம் நானும் ஆள் என்று நினைத்து அந்தத் துணிக்கொடிக்கு வணக்கம் சொன்னவன். சாக்கடலில் நின்ற விரல் நக்கல் அடிக்கவில்லை, கண் தெரியாமல்தான் அங்கே நின்றது.

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை. றெஜிக்கும் தெரியாது. மூண்டு நாளா மடியிலை வைச்சுத் தடவிக்கொண்டிருந்தன். பிள்ளையைக் கூப்பிடுங்கோ, உதை ஒருக்கா வாசிச்சுக் காட்டட்டும்” என்றீர்கள். ஜெசிதா கதவைத் திறந்தாள்.

இதை எழுதும்போது நீங்கள் முன் அறையில் இருக்கிறீர்கள். தகப்பன் மருமகளை எதிர்கொள்ளப் போகிற இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, “உது எங்கடை வேதாகமத்திலை இல்லை. ஆனாக் கலியாணத்திலை இருக்கட்டும்” என்கிறீர்கள். சின்னத்தங்கம் குழம்பு விடுகிற சத்தமும் கேட்கிறது. என் கண்ணைப் பார்த்த டொக்டரிடம் நாளைக்கு உங்களை நானே கூட்டிக்கொண்டு போவேன்.

ஆகவே இவ்வளவு நீளமாக எழுதின இந்தக் கடிதத்தை உங்களால் வாசிக்க முடியாது. பிள்ளை ஜெசிதா, நீதான் மாமாவுக்கு வாசிச்சுக் காட்ட வேணும். மாட்டுக்கதை வாற இடத்தை விடு. குடை வந்திட்டுது, அதையும் விடு. தோபித்தை விட்டுக்குடுத்த இடத்தைக் கட்டாயம் விடு. மிச்சமா என்ன இருக்குதோ, அதுதான் அப்பா எழுதின கடிதம்.