பதினேழு பொத்தான்கள்

எங்கள் குடும்பத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பதினொரு பேர். எண்ணித்தான் சொல்கிறேன். அந்தப் பதினொரு பேரில் ஒருவராவது ஆமிஷ்காரர்களைப் பற்றி ஒரு பக்கம் படித்ததுண்டா? கிடையாது. நான் ஆறு பக்கம் படித்தவன். படித்தவனுக்குத்தான் தப்பு நேரும். படிக்காதவன் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவான்.

என் மகள் எஸ்தர் பதினான்கு வரன்களைத் தட்டிக் கழித்துவிட்டு, பதினைந்தாவதாகத் தானே ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பெயர் தாவீது. தச்சு வேலை. "இவர் இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்றாள். அவர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் யாங்கூனின் வடகோடியில், ஷ்வேப்யிதாவின் ஓரத்தில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து தனியாக வாழும் சபை. பெண்கள் தலையில் வெள்ளைத் தொப்பி. நகை கிடையாது, டி.வி. கிடையாது. தாவீதின் அம்மா, "முதல்ல குடும்பத்தைப் பார்க்கணும்" என்று எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். எஸ்தரின் கல்யாணம் அந்த ஒரு சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

தயார் செய்துகொள்ளாமல் போவேனா? பான்சோடான் தெரு நடைபாதைக் கடையில் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகை அகப்பட்டது. அட்டையில் அதே வெள்ளைத் தொப்பி, பின்னால் குதிரை வண்டி. ஆமிஷ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவக் கூட்டம் என்று போட்டிருந்தது. கட்டுரை பத்துப் பக்கம், கடைசி நான்கு கிழிந்துபோயிருந்தன. (அந்த நான்கைக் கிழித்தவன்தான் இந்தக் கதையின் முதல் குற்றவாளி.) மீதி ஆறிலும் விஷயம் தெளிவாக இருந்தது. மோட்டார் வண்டி ஆகாது. மின்சாரம் ஆகாது. சட்டையில் பொத்தான் வைப்பது ஆடம்பரம், அதுவும் ஆகாது; கொக்கியோ ஊக்கோதான்.

கத்தரிக்கோலை எடுத்தேன். என் சட்டையில் முன்பக்கம் ஏழு, கைக்கு ஒன்றாக இரண்டு, பைக்கு ஒன்று. எஸ்தரின் நல்ல மேல்சட்டையில் ஆறு. குடையைச் சுற்றிக் கட்டும் பட்டையில் ஒன்று. ஆகப் பதினேழு.

"அப்பா, அவங்க பொத்தான் போடுவாங்கப்பா. நான் பார்த்திருக்கேன்" என்றாள் எஸ்தர்.

"நீ தாவீதைப் பார்த்திருக்க. பத்திரிகையைப் பார்த்ததில்ல."

"என் ரவிக்கையில கொக்கிதான்" என்றாள் என் மனைவி ரெபேக்கா. "இந்த வீட்ல ஆமிஷ்காரி நான் ஒருத்திதான். பேசாம பர்மாக்காரங்க போடற தைப்போன் கோட்டை மாட்டிக்கோங்க. அதுல வெறும் துணி முடிச்சுதானே?"

யோசித்தேன். துணி முடிச்சும் பொத்தானுக்குச் சித்தப்பா மகன் முறைதான். வேண்டாம் என்று ஒன்பது ஊக்குகளைக் குத்திக்கொண்டேன். எஸ்தர் வேறு சட்டை போட்டுக்கொண்டாள்.

ஷ்வேப்யிதா பஸ் நிறுத்தத்தில் தாவீது ஒரு பிக்கப் வண்டியோடு நின்றிருந்தான். எங்களை ஏற்றிப்போகத்தான். எனக்கா தெரியாது? இது சோதனை. "நாங்க குதிரை வண்டியிலேயே வர்றோம் தம்பி" என்று ஓரமாக நின்ற வாடகை வண்டியைக் காட்டிக் கம்பீரமாகச் சொன்னேன். குதிரை அரை மணி நேரம் நடந்தது. பிக்கப் வண்டி எங்கள் பின்னாலேயே அதே வேகத்தில் ஊர்ந்து வந்தது. எஸ்தர் முகத்தை மூடிக்கொண்டாள்.

தாவீதின் அப்பா ஊ யோவான் ('ஊ' என்றால் பர்மியத்தில் ஐயா) வாசலில் நின்று வரவேற்றார். அவர் சட்டையில் ஏழு பொத்தான். விருந்தாளிக்காக யாரிடமோ இரவல் வாங்கியிருப்பார் என்று முடிவு செய்தேன். கூடத்தில் மின்விசிறி தொங்கியது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனதாக இருக்கும். அது சுற்றவில்லை என்பதே எனக்குப் போதுமான சாட்சி.

சாப்பாட்டுக்கு முன் நான் எழுந்து நின்று பேசினேன். "யாங்கூனே கரண்டுக்காகத் தவம் கிடக்குது. நீங்க மட்டும்தான் அதை வேணாம்னு விட்டவங்க. எங்க எஸ்தரும் இனிமே இஸ்திரிப் பெட்டியைத் தொட மாட்டா..."

மின்விசிறி சுற்றியது.

"மீ லாப்யீ!" என்று உள்ளேயிருந்து ஏழெட்டுக் குழந்தைகள் கத்தின. கரண்ட் வந்தால் ஊர் முழுக்கக் கேட்கும் அதே பர்மியக் கூச்சல். ஊ யோவான் பாதிப் பேச்சில் என்னை விட்டுவிட்டு மோட்டார் சுவிட்சுக்கு ஓடினார். கரண்ட் போவதற்குள் தொட்டியை நிரப்ப வேண்டாமா? இதில் என் தப்பு என்ன சொல்லுங்கள்: நானும் யாங்கூன்காரன், என் காலும் தானாக ஓடியது. நாற்காலியில் இடித்தேன். முன்பக்கத்து ஏழு ஊக்குகளில் ஐந்து தெறித்தன. சட்டை இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. உள்ளே பனியன், பனியனில் நான்கு ஓட்டை.

எஸ்தரைப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. பதினைந்தாவது வரனும் போயிற்று, அதுவும் என்னால்.

தாவீதின் அம்மா எழுந்து அருகில் வந்தார். "அண்ணே, பொத்தான்லாம் எங்கே?"

ரெபேக்கா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாள். பதினேழும் அதில் இருந்தன. "நீங்க ஆமிஷ்காரங்கன்னு நினைச்சு, மனசு நோகக் கூடாதுன்னு வெட்டிட்டாருங்க. சொன்னாக் கேட்கலை."

"நாங்க மென்னோனைட்டுங்க, அது வேற சபை. எங்களுக்குப் பொத்தான், கரண்ட் எல்லாம் உண்டு. தொப்பியைப் பார்த்துட்டு நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்றார் அந்த அம்மா. சிரிப்பை அடக்கியதில் உதடு துடித்தது. "ஆனா இதுவரைக்கும் யாரும் பொத்தானை வெட்டிட்டு வந்ததில்ல."

ஊசியும் நூலும் வந்தன. நான் சட்டையைக் கழற்றாமல் நிற்க, பத்தையும் அவரே தைத்தார். கடைசிப் பொத்தானின் நூலைக் கடித்துவிட்டு ஊ யோவானைப் பார்த்தார். "நமக்காக இவ்வளவு பைத்தியக்காரத்தனம் பண்ற வீட்ல பொண்ணு எடுக்காம, வேற எங்க போய் எடுக்கிறது?"

ஆக, அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவன் நான்தான். இதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனசு வரவில்லை. இன்றும் மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தால் அக்கம்பக்கமெல்லாம் "மீ லாப்யீ!" என்று கத்தும். எங்கள் வீட்டில் மட்டும் "பொத்தான் பத்திரம்!" என்று கத்துகிறார்கள். எஸ்தரின் மாமியார் வந்திருந்தால் அவர் குரல்தான் முதலில்.

கத்தட்டும். நான் சட்டையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. (பத்தும் இருக்கின்றன. கண்ணாலேயே எண்ணிவிடுவேன்.)