உள்நாட்டு டார்ச்சுக்குள் சுடலைமுத்து

ஒரு காட்டில், பொழுது சாய்ந்தால் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே இறங்குவதில்லை. அத்தனை டார்ச்சும் பக்கத்துக் காட்டுச் சரக்கு. சிங்க ராஜாவுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. நரி முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார்.

“நம் காட்டிலேயே செய்தால் என்னய்யா?”

“செய்துவிடலாம் ராஜா. நிலம், தண்ணீர், கரண்ட், வரிச்சலுகை எல்லாம் அரசாங்கம் தரட்டும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“மிச்சம் என்ன?”

“திறப்பு விழா.”

விழா நாளில் பந்தல், மேளம், ரிப்பன் எல்லாம் வந்துவிட்டன. பக்கத்துக் காட்டிலிருந்து வர வேண்டிய பல்பு மட்டும் வரவில்லை. நரி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மேடைக்குப் பின்னால் ஒரு மின்மினி பறந்தது. பெயர் சுடலைமுத்து. நாவல் மரத்தடி ஈரமண்ணில் அவன் மனைவி முட்டையிட்டிருந்தாள். பொரிக்குமுன் வீடு சேர வேண்டிய அவசரம் அவனுக்கு. நரி லபக்கென்று அவனைப் பிடித்து டார்ச்சுக்குள் போட்டு மூடியைத் திருகியது.

“அண்ணாச்சி, விட்டுருங்க. வீட்டுல முட்டை பொரியப் போகுது.”

“ஒரு நிமிஷம் எரி தம்பி. நாட்டுக்காக.”

ராஜா பொத்தானை அமுக்கினார். பயத்தில் சுடலைமுத்து பளிச்சென்று எரிந்தான்.

“முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பா?” ராஜாவுக்குக் கண் கலங்கியது.

“ஆமாம் ராஜா” என்றது நரி. அது வாழ்நாளில் சொன்ன முதல் உண்மை.

விழா முடிந்ததும் சுடலைமுத்து கேட்டான்: “அண்ணாச்சி, கிளம்பட்டுமா?”

“நீ இப்ப உதிரிபாகம் தம்பி. உதிரிபாகம் எங்கேயாவது வீட்டுக்குப் போகுமா?”

அந்த டார்ச்சைக் கரடி வாங்கிப்போனது. நன்றாக உழைத்தால் மனமிரங்கி விட்டுவிடுவார்கள் என்று நம்பி, சுடலைமுத்து உயிரைக் கொடுத்து எரிந்தான். கரடிக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டுக்கும் அவனை இரவல் கொடுத்தது.

அப்போதுதான் அவனுக்குப் புத்தி வந்தது. விளக்கை அணைத்தான்.

கரடி டார்ச்சை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தது, குலுக்கிப் பார்த்தது, கடைசியில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது. அங்கிருந்த குரங்கு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தது.

“பார்ட் போயிருச்சு. வாரண்டி இருக்கா?”

“இருக்குப்பா.”

“அப்ப வேற ஒண்ணு போட்டுத் தரேன்.” பழைய பாகம் ஜன்னல் வழியே புல்லில் போய் விழுந்தது.

நாவல் மரம் வரைக்கும் சுடலைமுத்து விளக்குப் போடாமலே பறந்தான். முட்டைகள் இன்னும் பொரிந்திருக்கவில்லை.

“ஏங்க இருட்டுல வர்றீங்க?” என்றாள் மனைவி.

“சத்தம் போடாத. நான் பழுது.”

நீதி: நன்றாக எரிபவனுக்கு நாட்டில் என்றும் வேலை உண்டு, வீட்டுக்குப் போக நினைப்பவன் வாரண்டி முடிவதற்குள் பழுதாகிவிட வேண்டும்.