வண்டி புறப்பட்டுவிட்டது

"வண்டி புறப்பட்டுவிட்டது. முப்பது நிமிடத்தில் வந்து சேரும்" என்று திரையில் எழுத்து வந்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

வரப்போவது அமரர் ஊர்தி. இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது அப்பாவின் பெயர். அப்பாவோ பக்கத்து அறையில் மதியத் தூக்கத்தில், குறட்டையும் தானுமாக நன்றாகவே இருந்தார்.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவளுக்கு, செயலி வடிவமைப்பாளராக வேண்டும் என்று ஆறு மாதமாக ஆசை. அப்பாவிடம்கூட வாய் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு மோசமான இணையப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, மக்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று படிப்படியாக வரைந்து பழகுவாள். இன்றைக்கு அகப்பட்டது இந்த ஊர்திக்காரர்களின் பக்கம். துக்கத்தில் இருப்பவரை உட்காரவைத்துப் பதினோரு கட்டம் நிரப்பச் சொன்னது. அந்தக் கஷ்டம் தனக்கும் புரியட்டும் என்று நிரப்பினாள். கடைசியில் 'உறுதிதானா?' என்று கேட்கும் என்று நம்பி 'அடுத்து' என்பதை அமுக்கினாள். அது கேட்கவில்லை.

அப்பாவுக்குச் சாவு என்ற சொல்லே ஆகாது. தொலைக்காட்சியில் யாராவது செத்தால்கூட எழுந்து போய்விடுவார். ரத்த அழுத்தம் வேறு. இந்த வண்டியை வாசலில் பார்த்தால் என்ன ஆவார்?

ரத்து செய்யும் பொத்தான் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்தது. அமுக்கினால் காரணம் கேட்டது. 'வேறு வண்டி கிடைத்தது', 'தேதி தள்ளிப்போனது' என்று இரண்டே இரண்டு. 'உயிரோடு இருக்கிறார்' என்று ஒன்று இல்லை. இரண்டாவதைத் தொட்டாள்.

"தேதி தள்ளிப்போனதால் வழியில் குளிர்பெட்டியையும் ஏற்றி அனுப்புகிறோம்."

அடித்துப்பிடித்து அவர்களுக்கு போன் போட்டாள்.

"தப்பா புக் பண்ணிட்டேங்க. எங்க அப்பா நல்லா இருக்கார்" என்றாள் கிசுகிசுப்பாக.

எதிர்முனையில் ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க. மனசு ஏத்துக்காது."

"இல்லைங்க, குறட்டை விடறார். நீங்களே கேளுங்க."

போனைக் கதவிடுக்கில் நீட்டினாள். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா புரண்டு படுத்தார். குறட்டை நின்றது.

"ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றாள் அந்தப் பெண், கனிவாக. "தனியா இருக்காதீங்க. ஆறுதலுக்கு ஒரு அம்மாவையும் வழியில அதே வண்டியில ஏத்தி விடறேன்."

அடுத்த கால் மணி நேரம் அவள் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று செருப்பை மாட்டும்போது அழைப்புமணி அடித்தது. அப்பா விழித்துக்கொண்டார்.

"நீங்க படுங்கப்பா, நான் பாக்கறேன்."

"நீ ஏன் இப்படி வேர்த்துப்போய் நிக்கறே?" என்று கேட்டபடியே அவர் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வாசலை அடைத்துக்கொண்டு வெள்ளை வண்டி. இரண்டு பேர் குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறுதல் அம்மா கையை விரித்தபடி படியேறி வந்தாள். அப்பாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ உள்ள போம்மா" என்றார், குரலே எழும்பாமல்.

போச்சு, மாரடைப்பேதான் என்று அவள் அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"என்ன சார், போன செவ்வாய்க்கிழமைதான் இறந்தவர்னு பொண்ணு பேரைப் போட்டு வண்டியை வரவச்சுட்டு, 'டிசைன் பழகறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்'னு அந்தக் கெஞ்சு கெஞ்சினீங்க. இந்த வாரம் உங்க பேரா?"