‘தொடாதீர்கள்’ என்று அட்டை மாட்டிய ரேக்

என் அண்ணன் பெற்ற ஒரே செல்வமும் துணி வடிவமைக்கும் மகராசியுமான வாண்டுவுக்கு, உன் அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பளவில் சுகம். முகத்தை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நீயும் அண்ணனும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நீ போனை எடுக்காததால் நான் பேனாவை எடுத்தேன். என் படிப்பு அஞ்சாவதோடு நின்றது உனக்குத் தெரியும். பிழை கண்ணில் பட்டால் சிரித்துக்கொள், அந்த அளவுக்காவது நான் உனக்கு உபயோகப்பட்டதாக இருக்கட்டும்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஃபேஷன் வாரத்தில் மேடைக்குப் பின்னால் துணி தேய்க்கிற வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவளே நீதான். எங்க அத்தை கை பட்டா துணி கண்ணாடி மாதிரி ஆயிடும்னு நீ சொன்னதாக மேற்பார்வையாளர் சொன்னார், அந்தப் பெருமையில் நாலு நாள் தரையில் கால் பாவாமல் தேய்த்தேன். அஞ்சாம் நாள் காலையில் உன் உடைகள் தொங்கும் ரேக்கை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். உறையைப் பிரித்தால் இருபது உடையும் மாடு மென்று துப்பின மாதிரி இருந்தன. ஐயோ பிள்ளை, வேனில் திணித்துக் கொண்டுவந்திருக்கிறாளே, இதைப் போட்டு மேடையில் நடந்தால் சபையில் என்ன பேச்சு வரும் என்று கை பரபரத்தது. நீயோ மாடியில் மாடல் பெண்களுக்குத் தலை வாரும் இடத்தில் இருந்தாய். ரேக்கில் ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை தொங்கியது. நான் படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தேன். பக்கத்துப் பலகையில் தேய்க்கிற அக்காவும் சொன்னாள்.

"அட்டை போட்டிருக்கே, கேட்டுட்டுத் தொடேன்."

"அது உனக்கு. நான் அவளுக்கு அத்தை."

"அத்தைக்குத் தனி அட்டையா போடுவாங்க?"

"நீ உன் காலரைப் பாரு, கருகுது."

அப்படி அவள் வாயை அடைத்துவிட்டு, அட்டையைக் கழற்றி, டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் நின்றேன். அந்தச் சுருக்கம் லேசில் போகவில்லையடி. நீராவி விட்டேன், ஈரத்துணி போட்டு அழுத்தினேன், போகாத இடத்தில் முழங்கையை ஊன்றினேன். துணியை நனைத்து, நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, காயவைத்து, பதினோரு நாளாக நீ ஒவ்வொரு சுருக்கத்தையும் உட்கார்ந்து உண்டாக்கினாய் என்பது எனக்கு எப்படித் தெரியும். ஜென்மம் முழுக்கச் சுருக்கத்தைப் பகையாளியாகப் பார்த்தவள் நான்.

போதாதற்கு அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அம்மா, இந்த வாரத்துல உங்களுக்குப் பிடிச்ச தொகுப்பு எது?" என்று கேட்டாள். என்னிடம் யாரடி இதுவரை அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். அவிழ்த்து விட்டேன். முதல் நாள் வந்த குடைத்துணிக் கோட்டுகள் ரொம்பப் பிடிச்சிருந்தது, உதறி மாட்டினால் வேலை முடிந்தது, அந்த மனுஷன் புண்ணியவான். இரண்டாம் நாள் கண்ணாடிக்காரப் பெரியவர் பாவாடைக்கு நாற்பத்திரண்டு மடிப்பு வைத்திருந்தார், இடுப்பு ஒடிந்தாலும் மடிப்பு ஒன்றுக்கொன்று முடியிழை பிசகவில்லை, அதனால் அவருக்கு இரண்டாம் இடம். இறகு வைத்துத் தைத்தவருக்குத் தும்மல்தான் பரிசு. கிழிந்த கால்சட்டைக்காரரைப் பற்றிக் கேட்காதே, நான் வீட்டில் தரை துடைக்கிற துணி அதைவிட முழுசாக இருக்கும். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் மனுஷி. "கையில இருக்கிறது யாரோடது?" என்று கேட்டாள். "எங்க வீட்டுப் பொண்ணோடது. வாளியிலிருந்து பிழிஞ்சு எடுத்த மாதிரி வந்துச்சு, நான்தான் மனுஷங்க போடுற மாதிரி ஆக்கினேன்" என்று சொல்லி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு வேறு பல்லைக் காட்டினேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதினால்தான் எனக்குப் புத்தி வரும். திரைக்குப் பின்னால் கைதட்டக் காத்துக்கொண்டு நின்றேன். அறிவிப்பாளர், "தூங்கி எழுந்த உடம்பின் சுருக்கங்களைத் துணியில் பிடித்திருக்கும் முதல் தொகுப்பு" என்றார். முதல் பெண் நடந்தாள், உடை பலகை மாதிரி. இரண்டாவது பெண் அதைவிடப் பலகை. சபையில் எல்லாரும் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இருபது பேரும் நடந்து முடிக்கிறவரைக்கும் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தேன். நீ இறங்கி வந்தாய். டம்ளருக்கு அடியில் இருந்த அட்டையைப் பார்த்தாய். திட்டுவாய் என்று தலையைக் குனிந்தேன். நீ, "அத்தை, காலையிலிருந்து நிக்கிறீங்களே, சாப்பிட்டீங்களா?" என்றாய். அதற்குப் பதிலாக நீ என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் பத்திரிகையில் என் படம், கீழே நான் பேசினது அத்தனையும். அண்ணி அதைப் படித்துவிட்டு என் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள். ஊரில் ஒருத்தரை விடாமல் கேலி பண்ணின வாய் இது, எட்டு நாளாகச் சும்மா கிடக்கிறது. பக்கத்துப் பலகை அக்காவே தெருவில் என்னைப் பார்த்துப் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு பெரிய துணிக்கடையில் அதே இருபது உடையை மறுபடி காட்ட உனக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக அண்ணன் சொன்னான். பதினோரு நாள் வேலையை ஐந்து நாளில் முடிக்க உனக்குக் கை போதாது. வாண்டு, என்னைக் கூப்பிடு. நீ எப்படிக் கட்டச் சொல்கிறாயோ அப்படி முடிச்சுப் போடுகிறேன், வாயைத் திறக்க மாட்டேன், இஸ்திரிப் பெட்டியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வருகிறேன். இனிமேல் கேட்காமல் எந்தச் சுருக்கத்தையும் தொட மாட்டேன், என் நெற்றியில் இருப்பதைக்கூட. நான் செய்தது பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு.

உன் கை தொட்ட துணியெல்லாம் பேர் வாங்கட்டும், நீ நூறு மேடை ஏறி இறங்கு, ஒரு மேடைக்கும் நான் குறுக்கே வராமல் இருக்கட்டும். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல், கோபம் தணிந்திருந்தால்.

இப்படிக்கு,
தலை நிமிராத உன் அத்தை

பின்குறிப்பு: இதை எழுதி எழுதி வெட்கத்தில் நாலு தடவை கசக்கிப் போட்டேன். பொறுக்கியெடுத்துப் பார்த்தால் தாள் அசிங்கமாக இருந்தது. இப்படியா பிள்ளைக்கு அனுப்புவது என்று நினைத்தேன், அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கடைசிப் பக்கத்தில் பழுப்பாக முக்கோணமாக ஒரு தடம் இருக்கும், பயப்படாதே, இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடாகிவிட்டது. மன்னித்துவிடு என்று எழுதியிருந்தது சரியாக அந்த இடத்தில்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். மற்றபடி தாளைத் தடவிப் பார், கண்ணாடி மாதிரி இருக்கும்.